ஏலத்துக்குத் திரும்பிய காலை

அம்மா தான் கேட்ட விலைக்கு மேல் தானே ஏற்றிக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்துதான் எங்கள் வீடு பேச்சில்லாமல் போனது.

குருசுக்குப்பம் கரையில் படகு வந்ததும் மீனைக் கூடை கூடையாக ஏலம் விடுவார்கள். பெண்கள் சுற்றி நின்று விலை கேட்பார்கள். அம்மா எப்போதும் முன்னால் நிற்பவள். காது மந்தமானதை யாரிடமும் சொல்லாமல், ஏலக்காரரின் உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறாள். ஒருநாள் அவர் கடல் பக்கம் திரும்பி, அவள் கேட்ட விலையையே உரக்கச் சொன்னார். வேறு யாரோ போட்டிக்குக் கேட்டதாக நினைத்து அம்மா இன்னும் ஏற்றினாள். கரையே சிரித்தது.

மறுநாள் முட்டி வலி என்றாள். அப்புறம் கரைக்குப் போகவே இல்லை. யாராவது பேச வந்தால் படுத்துக்கொண்டாள். டிவிகூடப் போடுவதில்லை. இப்படியே விட்டால் எழுந்திருக்கவே மாட்டாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டாக்டரிடம் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டு, காதுக்கருவி வாங்கி, முடிக்குள் மறையும்படி மாட்டிவிட்டேன்.

"நான் செத்தா கம்மலோட இதையும் கழட்டிக்குவியாடி?" என்றாள்.

பாத்திரச் சத்தத்துக்கே பதறினாள். இரண்டு முறை கழற்றி வீசினாள். ஆனால் ஒரு காலையில் அவளே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் லீவு போட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

கரையில் காற்று. கருவிக்குள் அது இரைந்திருக்க வேண்டும். அம்மாவின் முகம் சுருங்கியது. கை காதுக்குப் போனது. கழற்றப் போகிறாள் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துக் காதோடு மூடிக்கொண்டாள்.

சங்கரா மீன் கூடை வந்தது. அம்மா விலை சொன்னாள். அவளோடு எப்போதும் போட்டி போடுகிற பெண் ஏற்றினாள். அம்மாவும் ஏற்றினாள். அந்தப் பெண் பக்கத்தில் நின்றவளிடம் குரலைக்கூடத் தணிக்காமல் சொன்னாள்:

"செவுடி வந்துட்டா பாரு. நம்ம வாய் அசஞ்சாலே போதும், ஏத்துவா. நல்லா ஏத்திவுட்டு அவ தலையிலயே கட்டிடலாம்."

எனக்குக் காது சுட்டது. அம்மாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கேட்டதா, கேட்கவில்லையா? அந்தப் பெண் ஒரேயடியாக விலையை உயர்த்தினாள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். சிலர் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அம்மா வாயைத் திறக்கக் கூடாதே என்று கைகளை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"யக்கா! உன்னத்தான்! மேல கேக்கிறியா?" ஏலக்காரர் கத்தினார்.

அம்மா அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"எதுக்குக் கத்தற? காது நல்லாதான் கேக்குது. அவளுக்கே குடு."

சிரிப்பு வெடித்தது. இந்த முறை அந்தப் பெண்ணைப் பார்த்து. அடுத்த கூடையை அம்மா சரியான விலைக்கு எடுத்தாள்.

கிளம்பும்போது அந்தப் பெண் ஓடிவந்தாள். "யக்கா, பாதி சங்கராவ நீ எடுத்துக்கயேன். யக்கா!"

அம்மா திரும்பாமல் நடந்தாள்.

"கேக்கலையாம்மா?" என்றேன்.

"எல்லாந்தான் கேக்குது," என்றாள். கண் கலங்கியிருந்தது. "பேட்டரி எத்தினி நாளுக்கு வரும்? நாளைக்கு ஏலத்து நடுவுல நின்னுடப் போவுது."