கட்டிப்பால் காய்ச்சிய ஞாயிறு

சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பால் தோலில் விழுந்தால் வழிந்து ஓடாது. ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். துடைக்கப் போனால் தோலும் கூடவே வரும். இதை நான் என் கணவரின் கையில் பார்த்தேன். கொஞ்சம் என் பாதத்திலும் பட்டது.

அப்போது போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தின் லயத்தில் குடியிருந்தோம். சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடுகளைத்தான் லயம் என்போம். நான் காய் பறிக்கப் போவேன். கணவர் ஸ்டோரில் இருந்தார். பறித்த பச்சைக் காயை விறகுச் சூட்டில் காயவைக்கும் கட்டடம் அது. அடுப்பு அணையாமல் கட்டை தள்ளுவது அவர் வேலை.

மலையில் பாலுக்குப் பெரிய பாடு. போடியிலிருந்து லோடு ஜீப் வரும் நாளில்தான் பால் வரும். வந்த பாலை அன்றைக்கே சுண்டக் காய்ச்சி வைத்துக்கொள்வேன். பாதியாக வற்றும்வரை கையெடுக்காமல் கிளற வேண்டும்; ஓரத்தில் படியும் ஆடையைச் சுரண்டி உள்ளேயே தள்ள வேண்டும். அப்புறம் சர்க்கரை. அது இறுகி வரும்போது தட்டிய சுக்கும் ஒரு துண்டுப் பட்டையும். ஏலக்காய் கடைசியில், இறக்குகிற சமயத்தில்தான். முன்னாலேயே போட்டால் வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும். ஆறியதும் பாட்டிலில் அடைத்தால் மலைக்குளிரில் சில நாள் கெடாமல் நிற்கும். காட்டில் கடுங்காப்பியில் இரண்டு கரண்டி விட்டுக் கலக்கினால் பால் காப்பி தயார். கடையில் விற்கும் டப்பாவில் இதைக் கிரீமர் என்று போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு இது கட்டிப்பால்.

ஏலக்காட்டில் கிடந்தாலும் ஒரு காயை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. சாயங்காலம் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் லயத்துக்குத் திரும்புவோம். கட்டிப்பாலுக்கு வேண்டியதைப் போடியில் கடையில் வாங்குவோம். வாய் பிளந்துபோனதால் நல்ல விலைக்கு ஆகாத காய். அந்தத் தடவை வாங்கி வந்தது என் கணவர். பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "நல்லா வாசமா இருக்கு பாரு" என்று மூக்குக்கு நேரே நீட்டினார்.

அதற்குப் பிறகுதான் ஸ்டோரில் ஒரு மூட்டை காய்ந்த காய் காணாமல் போனது. சூப்பர்வைசர் வேலையாட்கள் அத்தனை பேரையும் ஸ்டோர் முன்னாலிருந்த களத்தில் கூட்டி, என் கணவரை நடுவில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார்.

"ஸ்டோருல கெடக்கிறவன் நீ. ஒனக்குத் தெரியாம மூட்டை எப்பிடிடா நடந்து போகும்?"

கேட்டுக்கொண்டே கன்னத்தில் அறைந்தார். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கொட்டினார்கள். என் சேலைகள் களத்து மண்ணில் கிடந்தன. ஒன்றும் அகப்படவில்லை. கணவர் குனிந்த தலை நிமிராமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அன்றிலிருந்து சோற்றில் கைவைத்தவர் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். அவன் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பான். அவள் எனக்குப் பக்கத்து வரிசையில் காய் பறிப்பாள். தமிழை என்னிடம்தான் கற்றாள். என் கட்டிப்பால் காப்பியைக் குடித்ததிலிருந்து, "அக்கா, எனக்குச் செய்யக் கத்துக் குடு" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. பாலும் வந்திருந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். விறகடுப்பில் அவளைக் கிளறவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அவள் புருஷன் வெளியே குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தான். பால் இறுகி மேலே குமிழ் விட்டு வெடித்தது. ஏலக்காயைத் தட்டி உள்ளே போட்டேன். வாசம் ஓட்டு இடுக்கு வழியாக லயம் முழுக்கப் போயிருக்க வேண்டும்.

வெளியே சூப்பர்வைசரின் குரல் கேட்டது. "எந்த வீட்டுல இருந்துடா வருது?"

அவர் வாசலில் வந்து நின்றார். பின்னால் நாலைந்து ஆட்கள். அவர்களில் என் கணவரும் இருந்தார். சூப்பர்வைசர் செருப்புக் காலோடு உள்ளே வந்து தரையில் கிடந்த பொட்டலத்தை எடுத்தார்.

"ஐயா, அது என்னுது. போடியில வாங்குனது" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பொட்டலத்தை வெளியே தூக்கிக் காட்டி, "கள்ளன் இங்கதான்டா இருக்கான்" என்று கத்தினார்.

குழாயடியில் சோப்பு நுரையோடு நின்றவனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவனுக்கு என்ன ஏது என்றே புரியவில்லை. கும்பிட்டான். முதல் அடியை அடித்தது என் கணவர். சுவரோரம் அடுக்கியிருந்த விறகில் ஒரு கட்டையை உருவி அவன் தோளில் இறக்கினார். அவன் சுருண்டு விழுந்தான். அப்புறம் எல்லாரும் மிதித்தார்கள். வயிற்றில் கால்கள் விழும் சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோலக் கேட்டது.

நான் ஓடிப்போய்க் கணவரின் கையைப் பிடித்தேன். "ஏங்க, அது நீங்க வாங்கிட்டு வந்த காயி. சொல்லுங்க. இவங்ககிட்டச் சொல்லுங்க."

என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். எல்லாம் ஞாபகத்தில் இருந்தது. கண்ணில் அது தெரிந்தது. அந்தக் காய் எங்களுடையது என்று வாய் திறந்தால் களத்தின் நடுவில் மறுபடியும் அவரல்லவா நிற்க வேண்டும்? என்னை உதறித் தள்ளினார்.

"உள்ள போடி. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

மறுபடியும் கட்டையை ஓங்கினார். தலையில் விழ இருந்ததை அவன் கையால் தடுத்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் காதிலிருந்து ரத்தம் சோப்பு நுரையோடு கலந்து இறங்கியது. கணவர் மூன்றாவது முறை ஓங்கியபோது, "நீதான வாங்கிட்டு வந்த! நீதான!" என்று அலறினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நான் நீ என்று சொன்னதில்லை.

அதற்குள் அவன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். சட்டியின் இரண்டு காதையும் முந்தானையால் பிடித்திருந்தாள். கொதித்துக்கொண்டிருந்த பாலை அப்படியே வீசினாள். கட்டை பிடித்திருந்த கையில் முழங்கையிலிருந்து விரல்வரை விழுந்தது. கணவர் போட்ட கூச்சல் மலையில் மோதித் திரும்பி வந்தது. கட்டையை விட்டுவிட்டு, ஒட்டிக்கொண்ட பாலை இன்னொரு கையால் வழித்தார். தோல் சுருண்டு உள்ளங்கையோடு வந்தது. சிதறியதில் ஒரு கட்டி என் பாதத்தில் விழுந்து எரிந்தது. மிதித்துக்கொண்டிருந்தவர்கள் விலகி நின்றார்கள். வெறும் சட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அவள் புருஷனின் மேல் காலை அகட்டி நின்றாள்.

"வா" என்றாள் சூப்பர்வைசரைப் பார்த்து. "வா."

அவர் வரவில்லை.

தோட்டத்தில் அன்று ஒரே ஒரு ஜீப்தான் இருந்தது. அடிபட்டவனையும் அடித்தவரையும் அதில்தான் ஏற்ற வேண்டியிருந்தது. எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி சாய, என் கணவரின் முழங்கால் அவனை இடித்தது. அவன் முறிந்த கையை மடியில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி என் கணவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடிவாரத்தில் முந்தல் ஊரைத் தாண்டும்போது கணவர் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்.

"போலீசு கேட்டா, அவன் கால் வழுக்கி விழுந்தான்னு சொல்லு. அவதான் வேணும்னே பாலை ஊத்துனான்னு சொல்லிரு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

பக்கம் திறந்த அந்த வண்டியில் அடித்த காற்று என் பாதத்துப் புண்ணில் பட்டுக்கொண்டே வந்தது.

போடி ஆஸ்பத்திரியில் இருவருக்கும் கட்டுப் போட்டார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"என்னம்மா நடந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். காய் யார் வாங்கியது, யார் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டியது, யார் முதலில் அடித்தது.

"முதல்ல அடிச்சது ஒம் புருஷன்னா சொல்ற? யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான்யா சொல்றேன். அந்தப் புள்ள பாலை ஊத்தலேன்னா அவன் செத்திருப்பான்."

அவள் மேல் வழக்குப் போடவில்லை. சூப்பர்வைசர் மேலும் என் கணவர் மேலும் இன்னும் சிலர் மேலும் போட்டார்கள். ஜாமீனில் வெளியே வந்த கணவர் ராசிங்காபுரத்தில் அவர் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். என் நாத்தனார் போனில் கூப்பிட்டு, கட்டின புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று வாயில் வந்தபடி ஏசினாள். மூட்டை என்ன ஆனது என்று கடைசிவரை தெரியவில்லை. கை கூடியதும் அந்த இருவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். மதுரையில் ரயிலேற்றிவிடப் போனேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஏதோ அவள் பாஷையில் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அவன் எலும்பு கூடியும் வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் கும்பிட்டான். குழாயடியில் கும்பிட்டது என் கண்ணுக்குள் வந்து, என்னால் திரும்பக் கும்பிட முடியவில்லை.

இப்போது போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். வாடகைக்கு ஓர் அறை. போன மாசம் கோர்ட்டில் வாய்தா. வெளியே வேப்பமரத்தடியில் கணவர் என்னிடம் வந்தார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். சுருங்கிப்போன விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"நீ அப்பிடிச் சொல்லியிருக்க வேணாம்" என்றார்.

"அது நம்ம காயின்னு தெரிஞ்சே ஏன் அடிச்சீங்க?"

சட்டைக் கையை இழுத்து விரல்களை மறைத்தார்.

"எல்லாரும் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாக."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால், "வீட்டுக்கு வரவா?" என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றேன். உள்ளே பேரைக் கூப்பிட்டார்கள். அவர் முன்னால் போனார். நான் சாட்சி சொல்ல அவர் பின்னால் போனேன்.