நுரையீரலில் வெள்ளைக்கல்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு லேபில் வேலை பார்த்தேன். உலைச் செங்கல், கருங்கல், கான்கிரீட் எது வந்தாலும் ஒரு சில்லு வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிசாகத் தேய்க்கணும். அப்போதுதான் வெளிச்சம் கல்லுக்குள் புகுந்து வரும், மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். தேய்த்தது போதுமா என்று காட்டிக்கொடுப்பது குவார்ட்ஸ் என்கிற வெள்ளைக்கல். வெளிச்சத்தை வடிகட்டுகிற போலராய்டு தகட்டைப் போட்டுப் பார்க்கும்போது அது மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்கணும். சாம்பல் வெளுப்பு வந்தால் கையை எடுத்துவிடணும், அசந்தால் சில்லே கரைந்துபோகும். தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் அந்த வெளுப்பைச் சொல்லிவிடுவேன்.

அதே கல்லை மாவாக அரைக்கிற கம்பெனியில்தான் என் அக்கா வீட்டுக்காரர் இருந்தார். இரும்பு உருக்கும் உலைக்கு உள்பக்கம் பூசுகிற மாவு அது. முகத்தில் கட்டிக்கொள்ள அவர் கைக்குட்டைதான், கம்பெனி ஒரு துணிகூடத் தரவில்லை. படுபாவிகள்.

மாமாவுக்கு இருமல் நிற்கவில்லை. திருவள்ளூரில் டீபி என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரலில் துளி சதை எடுத்து, டீபியாகவும் இருக்கலாம், உள்ளே போன கல்தூசியாகவும் இருக்கலாம், இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஸ்லைடைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். டீபியாக இருக்கணும் என்று நாங்கள் வேண்டிக்கொண்டோம். சொல்லவே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் டீபிக்கு மாத்திரை இருக்கிறது. தூசிக்கு ஒன்றும் கிடையாது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமா ஸ்லைடோடு லேபுக்கே வந்துவிட்டார். கேட்டிலிருந்து நடந்ததற்கே மூச்சு வாங்கியது.

"இத நீ ஒரு தபா பாரு."

"நான் இன்னா டாக்டரா மாமா?"

"கல்லு தெரியும்ல உனக்கு? கல்லு கீதான்னு மட்டும் பாரு."

வைத்துப் பார்த்தேன். ரோஸ் கலரில் சதை, நடுநடுவே வட்டமாகக் கட்டிப்போன இடங்கள். போலராய்டைப் போட்டதும் எல்லாம் இருண்டது. அந்தக் கட்டிகளுக்குள் மட்டும் பொடிப்பொடியாக, மங்கலாக, சாம்பல் வெளுப்பு. தலையைத் தூக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

"கல்லு கீதா?" என்றார்.

என்னை நகர்த்திவிட்டு அவரே குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இம்மாந்துண்டு தான? அம்மாம் பெரிய கல்லையே தேச்சிடற, இத எடுக்க முடியாதா?"

கிண்டலாகத்தான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். எனக்கு டாக்டர்மேல் கோபம், கம்பெனிமேல் கோபம், கிண்டல் பண்ணுகிற இந்த மனுஷன்மேலும் கோபம்.

"டாக்டர் இன்னா சொல்றாரோ அதான் மாமா. நான் பாத்தத வச்சி எதுவும் முடிவு பண்ணாத."

"அவரு சொல்லட்டும். உங்க அக்காகிட்ட மட்டும் டீபின்னே சொல்லு."

"எதுக்கு? அதுக்குத் தெரிய வேணாவா?"

ஸ்லைடைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இருமல் அடங்கும்வரை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முன்னாடி ரோலிங் மில்லுலேர்ந்து டெய்லி கரியா வரேன்னு, இந்தப் புகை உன்ன கொன்னுடும்னு சண்ட போட்டு, இந்தக் கம்பெனிக்கு அனுப்பனதே அவதான்."