உழவு மெஷின் பற்றரி

அந்த வருடம் இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து உலகக் கிண்ணக் கிரிக்கெட்டை நடத்தின. எல்லையில் முறைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இது எப்படி முடிந்ததென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கல்முனையில் மின்சாரம் இல்லாத நாட்கள் அதிகம். தமிழ்த் தெருவில் இருக்கும் என் மீன்பிடிகாரக் கூட்டாளியிடம் சின்ன டீவி இருந்தது. என் உழவு மெஷினில் பற்றரி இருந்தது. விதைப்புக் காலமென்றும் பாராமல் அதைக் கழற்றிக்கொண்டு போவேன். தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு இரண்டு தெரு ஆட்களும் சேர்ந்து உட்கார்ந்தது அந்த டீவிக்கு முன்னால் மட்டும்தான்.

எங்கள் தெரு பாகிஸ்தான் கட்சி, அவர்கள் தெரு இந்தியா. அரையிறுதியில் பாகிஸ்தான் தோற்றபோது அவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் இந்தியா தோற்றது, நாங்கள் தட்டினோம்.

இறுதிப் போட்டி பார்க்க ஒருவரும் வரவில்லை. பற்றரியை எடுக்க நான் போனபோது, கூட்டாளி டீவியைப் பழைய சாரனால் மூடி வைத்திருந்தான்.

“கொண்டு போ மச்சான், வயலாவது உழுபடட்டும்,” என்றான். பிறகு கேட்டான்: “இனி எப்ப இந்தப் பக்கம் வருவாய்?”

“அடுத்த உலகக் கிண்ணத்துக்கு நாலு வருசம் கிடக்கே,” என்றேன்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.