வாங்கு நேரத்து உதடுகள்

கல்முனையில் தியேட்டர் இருந்த காலத்தில் இஸ்மாலெவ்வை காக்காதான் அங்கே ஒப்பரேட்டர். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொன்னால் சத்தத்தை நிறுத்திவிடுவார். படம் மட்டும் ஓடும். பார்த்துப் பார்த்தே உதட்டசைவில் பேச்சை அறியப் பழகிக்கொண்டார்.

யுத்தத்தில் மூடிய தியேட்டரை இடித்துத் கட்டில், மேசை விற்கும் தளபாடக் கடை கட்டிவிட்டார்கள். அங்கே படம் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தொண்டையில் வந்த புற்றுநோய் அவருடைய மனைவி ஆசியாவின் குரலைப் பறித்தபின், அவள் பேச்சு வீட்டில் அவருக்கு மட்டுமே விளங்கியது.

நேற்று அந்தியில் மஃரிப் வாங்கு கேட்டபோது ஆசியாவின் உதடுகள் அசைந்தன.

“உம்மா என்னவாம் வாப்பா?” என்றாள் மகள் பஸ்மினா.

“தண்ணி கேக்கிறா மகள்.”

பஸ்மினா குசினிக்கு ஓடினாள். ஆசியா சொன்னது அதுவல்ல.

“போதும், இனி என்னப் போக விடுங்க.”