நீலனின் துறைமுகத்தில் ஆளே இல்லை

சாவியோவுக்கு நீலனைக் கண்டாலே ஆகாது.

நீலன் ஒரு கிரேன். டிவியில் வருகிற கிரேன். நெற்றியில் தட்டு அகலத்துக்கு இரண்டு கண், கீழே எப்போதும் ஒரு சிரிப்பு. சாயங்காலம் ஆனால் போதும், ராயபுரத்தில் சாவியோவின் ஒற்றை அறை வீட்டுக்குள் நீலன் வந்துவிடுவான். ஐந்து வயது ஷெரின் டிவிக்குள்ளேயே நுழைந்துவிடுகிற மாதிரி ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். வேலை முடிந்து வந்து தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும் சாவியோவுக்கு வேறு வழியில்லை. அவனும் பார்த்தாக வேண்டும்.

அவனுக்கும் துறைமுகத்தில்தான் வேலை. சிக்னல்மேன். கப்பலின் வயிற்றுக்குள் சரக்கு எங்கே கிடக்கிறதென்று மேலே கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. சாவியோ தளத்தின் விளிம்பில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துக் கை காட்ட வேண்டும். விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்கு. அந்தக் கை ஒரு நொடி தப்பினால் கீழே நிற்கிறவன் வீட்டுக்குப் போக மாட்டான். வெயிலில் நின்று நின்று அவன் கழுத்து ஒரு நிறம், நெஞ்சு ஒரு நிறம்.

அப்படிப்பட்டவனுக்கு நீலனைப் பார்த்தால் சோறு இறங்குமா?

"இத்த பாரேன் கரோலின்," என்பான் மனைவியிடம். "காலைல ஒரு கப்பலு வருது. மூணே மூணு பொட்டி. செவப்பு, மஞ்சா, பச்ச. எறக்கிட்டு கப்பலு சிரிச்சிகினே போவுது. மூணு பொட்டிக்கு ஒரு கப்பலா? எவன்யா அந்த ஓனரு?"

"பொம்மப் படம்யா அது. துன்னு."

"கப்பலுக்கு ஜுரமாம். பொகக்கூண்டுல கட்டு போட்டுகீறானுங்க. சரி, போடு. கட்டு போட்டது யாரு? ஹார்பர்ல ஒரு மனுசனாச்சும் கீறானா பாரு. லாரி தானா வருது, கேட்டு தானா தொறக்குது. 'டிங்கரு டிங்கரு, தூக்கு'ன்னு கத்துனா கிரேன் தூக்கிடுதாம். லோடுக்குக் கீழ பூனைக்குட்டி வெளையாடுது! அங்க நிக்கலாமா?"

"தந்தையே, அமைதியாக இருங்கள்," என்றாள் ஷெரின், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். நீலன் பேசுகிற தமிழ் அது. ராயபுரத்தில் எவர் வாயிலும் வராத தமிழ்.

இதையெல்லாம்கூட சாவியோ பொறுத்துக்கொண்டிருப்பான். பொறுக்க முடியாதது பள்ளிக்கூடத்தில் நடந்தது. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டிருக்கிறார். ஷெரின் எழுந்து, "எங்கப்பா ஹார்பர்ல நிப்பாரு. வேலய கிரேன் செய்யும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கரோலின் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சாவியோ சிரிக்கவில்லை. அன்று மீன் குழம்பில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

துறைமுகத்தின் பாதுகாப்பு வாரத்தில் ஒருநாள் வேலைக்காரர்களின் குடும்பத்தாரை உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். இத்தனை வருஷமாக "அங்க இன்னா கீது பாக்க, ஒரே தூசு" என்று தட்டிக்கழித்து வந்தவன், இந்தமுறை முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். கண்ணால் பார்த்தால் வேலை செய்வது யாரென்று ஷெரினுக்குத் தெரிந்துவிடும்.

மஞ்சள் ஹெல்மெட் ஷெரினின் மூக்குவரை இறங்கியது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்குப் பின்னால் மற்ற பிள்ளைகளோடு நின்று கிரேனை அண்ணாந்து பார்த்தாள்.

"கண்ணு எங்கப்பா?"

"கண்ணு கெடயாதும்மா. மேல கூண்டு கீதுல்ல, அதுக்குள்ள பாரு. சுஃபியான் மாமா."

கண்ணாடிக்குப் பின்னால் சுஃபியான் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தான். ஷெரின் முகம் கோணியது.

"நீலன் மாமாவ முழுங்கிட்டான்!"

பக்கத்துப் பிள்ளை ஒன்றும் சேர்ந்து அழ ஆரம்பித்தது. "நல்லா வெளக்குன," என்றாள் கரோலின்.

சாவியோ பல்லைக் கடித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நின்றான். காட்டுவதற்கென்று ஒரு குழாய்க்கட்டு வைத்திருந்தார்கள். விரலைச் சுழற்றினான். கட்டு மெல்ல எழுந்தது. அதே நேரத்தில் பின்னாலிருந்து யாரோ ஒரு பிள்ளை, "டிங்கரு டிங்கரு, தூக்கு!" என்றது. மொத்தப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. ஒரே கைதட்டல். சாவியோவுக்கு ஹெல்மெட்டைக் கழற்றிக் கடலில் வீசலாம் போலிருந்தது.

திடீரென்று கட்டு பாதியில் நின்றது.

அவன் விரல் இன்னும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. "இன்னாடா மாமு?" என்று மேலே முறைத்தான். சுஃபியான் கூண்டுக்குள்ளிருந்து அவனுக்குப் பின்னால் கை நீட்டினான். சாவியோ திரும்பினான். முழுங்கின மாமாவை விடச் சொல்லி ஷெரின் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றாள்.

தூக்கவும் இறக்கவும் சிக்னல்மேன் கை ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கைகளை அகல விரித்தால் 'நிறுத்து'; அதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். பெருக்குகிறவர் காட்டினாலும் சரி. ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. சுஃபியான் கேட்கவில்லை.

ஷெரின் தன் கைகளைப் பார்த்தாள். மெதுவாக இறக்கினாள். கட்டு அசையவில்லை.

"டிங்கரு டிங்கரு, தூக்கு," என்றாள். அசையவில்லை. எல்லாப் பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தின. ம்ஹூம். நின்றதை மறுபடி கிளப்ப ஒரு கை மட்டும்தான் உண்டு. அந்தக் கையை சாவியோ இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாக நின்றான். கத்தட்டும். நன்றாகக் கத்தட்டும்.

கத்தி ஓய்ந்து அவள் அவனைப் பார்த்தபோது, ஒரு விரலை உயர்த்திச் சுழற்றினான். கட்டு எழுந்தது. உள்ளங்கையைத் தாழ்த்தினான். இறங்கியது. ஷெரின் கொக்கியைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், மறுபடி கொக்கியைப் பார்த்தாள். இந்தமுறை அவள் கைதட்டவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் விரலைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அப்பா, நீ கை காட்டலன்னா அது தூக்காதா?"

"தூக்காது."

"டிங்கரு சொன்னா?"

"இன்னா சொன்னாலும் தூக்காது."

சாவியோ கரோலினை ஒரு பார்வை பார்த்தான். நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

"அப்போ நீலனுக்கு யாரு கை காட்டுறா?"

"அதத்தாண்டி நானும் டெய்லி கேட்டுகினு கீறேன்!" அவன் போட்ட சத்தத்தில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஷெரின் யோசித்தாள். நீலனுக்காகப் பரிதாபப்பட்டு, அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க யாருமே இல்லப்பா. நாளைக்கி சாயங்காலம் நீ போயி காட்டு."

"நான் எப்பிடிம்மா டிவிக்குள்ள போவேன்?"

"வேல முடிஞ்சதும் போ. அந்தப் பூனைக்குட்டி கீழயே நிக்குது."

சாவியோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போய்ட்டு வாய்யா," என்றாள் கரோலின். "சோறு மூடி வெக்கிறேன்."