காஜா அக்கா போட்ட எண்ணெய்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் மூன்றாவது வரிசையில், சட்டைக்குப் பொத்தான் துளை போடும் மிஷின் ஒன்று இருக்கிறது. அந்தத் துளைக்குத் தையல்காரர்கள் வைத்த பெயர் காஜா. பத்தொன்பது வருஷமாக அந்த மிஷினில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இப்போது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் காஜா அக்கா. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். ஒரு நாளைக்கு எத்தனை காஜா என்று யாராவது கேட்டால், "எண்ணிக்கிட்டு உக்காந்தா எப்பப் போடுறது?" என்பாள்.

அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. வரிசையில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அவர்கள் பங்கையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிடுவாள். லாரி ஓட்டும் புருஷன் மாதத்தில் பத்து நாள் வீடு தங்கினால் அதிகம். அதற்காக ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை. இருந்த ஒரே கோளாறு பொறாமை. அதுவும் யார்மேல்? கூடப் பிறந்த தங்கைமேல்.

தங்கை பத்து வயது இளையவள். மூன்று தெரு தள்ளி ஒரு மருந்துக் கடையின் மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். ஒரே அறை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி. ஆள் பார்க்க லட்சணம், பேச்சும் இதம். குழந்தை இல்லை. "எனக்கு எதுக்குத் தனியா ஒண்ணு? அக்கா பெத்தது போதாதா?" என்று சிரிப்பாள். கேட்பவர்கள் எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். காஜா அக்காவுக்கு மட்டும் வயிறு எரியும். பத்து மாதம் சுமந்தது ஒருத்தி, பங்கு கேட்பது இன்னொருத்தியா?

அந்தப் பங்குக்கு உரிய பெண்ணுக்கு அப்போது பதினாறு வயது. வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் சுருட்டை முடி அப்படியே அவள் தலைக்கு வந்திருந்தது. சீப்பு உள்ளே போனால் வெளியே வர வழி கேட்கும். பதின்மூன்று வயது வரைக்கும் தினம் காலையில் முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டது அம்மாதான். அப்புறம் என்ன ஆயிற்றோ, பாப்பாவின் கால் சித்தி வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. மார்க் குறைந்தால் முதலில் தெரிவது சித்திக்கு. புதுச் செருப்பு வாங்கினால் முதலில் காட்டுவது சித்திக்கு. வீட்டில் வாயைத் திறந்தால் "சித்தி சொன்னா, சித்தி சொன்னா."

"ஏன், உங்க சித்தி சொல்லாம சூரியன் உதிக்காதா?" என்று ஒரு நாள் அம்மா கேட்டே விட்டாள்.

"ஏம்மா இப்படிப் பேசுற?" என்று பாப்பா எழுந்து போய்விட்டாள். அன்றைக்கும் போனது சித்தி வீட்டுக்குத்தான்.

அந்தச் சனிக்கிழமை காஜா அக்காவுக்கு அரை நாள் வேலை. மாடி வீட்டுக்கு ஏறி வந்தால் மகளைக் காணோம். எங்கே இருப்பாள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. விறுவிறுவென்று நடந்து பார்லர் மாடிப்படி ஏறினாள். வாஷ்பேசினில் பாப்பா குனிந்து நின்றாள். தங்கை ஒரு கையால் முடியை ஒதுக்கிப் பிடித்து, மறு கையால் கழுத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாப்பா முனகினாள்.

பெற்ற தாயின் கண் அந்த நேரத்தில் முதலில் எதைப் பார்த்தது தெரியுமா? முடியை. தலையில் பாதி முடி குச்சி குச்சியாக நேராகத் தொங்கியது, தங்கையின் முடிபோல. நான் கொடுத்ததை அழித்துவிட்டுத் தன்னுடையதை ஒட்டவைக்கிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகுதான் கழுத்து கண்ணில் பட்டது. வலது காதுக்குப் பின்னாலிருந்து பிடரி வரை சிவந்து, ஓரத்தில் தோல் வெள்ளையாக வழன்றிருந்தது.

"அக்கா, முடியை நேராக்குற க்ரீம் தோல்ல இறங்கிடுச்சு. நான் கவனிக்காம விட்டுட்டேன். அவளும் எரியுதுன்னு சொல்லவே இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் தண்ணி ஊத்தணும். அப்புறம் நேரா ஆஸ்பத்திரி போயிடலாம்" என்றாள் தங்கை.

"சொன்னா நிறுத்திடுவான்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்று பாப்பா அழுதாள்.

"போதும்டி உன் வைத்தியம்! உன் கை பட்டதெல்லாம் போதும்!" என்று மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள் காஜா அக்கா. பின்னாலேயே ஓடி வந்த தங்கையை ஆட்டோவில் ஏறவிடவில்லை.

அவள் வேலை செய்யும் வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. விரலில் ஊசி ஏறினால் ஆஸ்பத்திரிக்கு யாரும் ஓடுவதில்லை. மிஷினுக்கு விடும் எண்ணெயை ஒரு சொட்டு வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த சட்டையை எடுப்பார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவளே எத்தனையோ தடவை வைத்திருக்கிறாள், எல்லாம் ஆறியிருக்கிறது. வீட்டிலும் ஒரு பாட்டில் இருந்தது. மகளைக் குப்புறப் படுக்கவைத்து, கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் தாராளமாகத் தடவினாள். இன்னும் கழுவிப் போகாத க்ரீம்மேல் எண்ணெய் மூடிக்கொண்டது. கீழே க்ரீம் தன் வேலையைச் செய்தது.

போன் அடித்தது. தங்கை. மறுபடி அடித்தது. பதினோரு தடவை அடித்தது. எடுத்தால் "தண்ணி ஊத்து, ஆஸ்பத்திரிக்குப் போ" என்பாள், பாப்பாவும் அவள் பேச்சைத்தான் கேட்பாள். காஜா அக்கா போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு மகளுக்கு விசிறினாள். நாலு மணி நேரம் கழித்து, காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் காயத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "ஆழமா வெந்திருக்கு. இது என்ன, எண்ணெய் மாதிரி? யார் போட்டது?"

"தெரியல டாக்டர். பார்லர்ல ஏதோ போட்டிருக்காங்க."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று காஜா அக்காவுக்கே தெரியாது. பாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கிடந்தாள். காய்ச்சலில் எதுவும் காதில் விழுந்திருக்காது என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி பிளாஸ்க்கும் மாற்றுத் துணியுமாகத் தங்கை வந்து வராந்தாவில் நின்றாள். "என் பிள்ளையை வேக வெச்சவ நீ. உள்ள கால் வெச்ச, தெரியும் சேதி!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தித் துரத்தினாள் காஜா அக்கா. அதோடு விட்டாளா? எண்ணெய்க் கதையையும் சேர்த்துத் தெரு முழுக்கச் சொன்னாள். இரண்டே வாரத்தில் பார்லருக்கு ஈ காக்கை வரவில்லை. தங்கை கதவைப் பூட்டிவிட்டாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மகளை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு வந்த நாட்கள் காஜா அக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தன. சொல்லவே கூச்சமான சந்தோஷம். லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க மகளோடு இருந்தாள். ஊட்டிவிட்டாள். பாத்ரூமுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனாள். மருந்து கட்டுவதற்காக ஆஸ்பத்திரியில் தலையை மழித்திருந்தார்கள். காயம் பட்ட இடத்தில் இனி முடி வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்ற இடத்தில் புது முடி எட்டிப் பார்த்தபோது அது சுருட்டையாக இருந்தது. அதைப் பார்த்து அவள் மனசு குளிர்ந்தது. பாப்பாவோ கண்ணாடியையே பார்ப்பதில்லை. ஸ்கூல் தோழிகள் வந்தால் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டாள்.

கழுத்துக்குப் பயிற்சி ஒன்று கொடுத்திருந்தார்கள். தலையை இடப்பக்கம் திருப்பி, முப்பது எண்ணும் வரை அப்படியே பிடிக்க வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. புதுத் தோல் இழுக்கும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கும். பாப்பா "அம்மா!" என்று அலறினால் போதும், எட்டு எண்ணுவதற்குள் அம்மாவின் கை தானாக விட்டுவிடும். "போதும்டா கண்ணு, நாளைக்குப் பார்த்துக்கலாம்." பெற்ற மனம் பித்து என்பார்களே, அந்தப் பித்து பாப்பாவின் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தது.

கட்டு மாற்றும் அறை நர்ஸ் கண்டுபிடித்துவிட்டாள். "ஏம்மா, பயிற்சி குடுக்குறீங்களா, கொஞ்சிக்கிட்டு இருக்கீங்களா? இன்னும் மூணு வாரம் இப்படியே போனா தோல் இறுகிடும். கழுத்து கோணினது கோணினதுதான், அப்புறம் ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். உங்களால முடியலைன்னா, மனசைக் கல்லாக்கிப் பிடிக்கிற ஆளா பார்த்து வைங்க."

வீட்டுக்கு வந்ததும் பாப்பா மெதுவாகச் சொன்னாள். "சித்தின்னா விட மாட்டா."

தட்டு ஒன்று தரையில் விழுந்து உருண்டது. "அவதான்டி உன்னை இந்தக் கோலம் ஆக்கினவ! இன்னும் உனக்கு அவதான் வேணுமா?"

பாப்பா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் முதலில் பார்வையைத் திருப்பினாள்.

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தானே முயன்றாள். முப்பது வரை ஒரு தடவைகூடப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பார்லர் நாற்காலிகள் இரண்டும் கூடத்தில் கிடந்தன. அவற்றின்மேல் மடிக்காத துணி. தங்கை புதிதாக மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"கண்ணு டெஸ்ட் பண்ணினேன்க்கா" என்றாள், கேட்காமலே. "பெருசா ஒண்ணும் இல்லைங்கறாங்க. ஆனா அன்னைக்கு எந்த பாட்டிலை எடுத்தேன்னு எனக்கு விளங்கவே மாட்டேங்குது. எண்ணெயைத் தொட்ட ஞாபகமே இல்ல. டாக்டரே பார்த்திருக்கார்னா போட்டுத்தானே இருக்கணும்? என்னை எனக்கே நம்ப முடியல."

சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. காஜா அக்கா "பாப்பா கூப்பிடுறா. வா" என்று மட்டும் சொன்னாள்.

சித்தியைப் பார்த்ததும் பாப்பா ஒரு மாசத்து அழுகையை ஒரே மூச்சில் அழுதாள். சித்தி அழவிட்டாள். பிறகு பின்னால் உட்கார்ந்து தாடையைப் பிடித்துத் திருப்பி எண்ண ஆரம்பித்தாள். பாப்பா அலறினாள், திட்டினாள், "நீ ஒரு ராட்சசி" என்றாள். "ராட்சசிதான். பதினாலு, பதினஞ்சு. இன்னும் நல்லாத் திட்டு, பதினாறு." முப்பது வரைக்கும் பிடி தளரவில்லை. இரண்டாவது தடவை முடிந்ததும் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். அந்த வீட்டில் எத்தனையோ நாளாகக் கேட்காத சிரிப்பு. சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற காஜா அக்காவுக்கு அந்த நேரத்திலும் நெஞ்சு காந்தியது. நான் உயிரைக் கொடுத்துப் பார்த்தும் இப்படிச் சிரிக்கவில்லையே!

நாலாவது தடவை முடிந்தபோது தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பாப்பா, உன்னை ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு உன் கழுத்துல எண்ணெய் போட்டது நானா?"

பாப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். "ஆமா சித்தி. ஏதோ போட்ட. எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

தங்கை அப்படியே கையை எடுத்துவிட்டாள். "அப்ப நான்தானா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "இனி நான் உன்னைத் தொடக் கூடாதும்மா. திரும்பவும் ஏதாவது தப்பாப் பண்ணிடுவேன். வேற நல்ல ஆளா பாருங்க." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

"நில்லுடி" என்றாள் காஜா அக்கா. "எண்ணெய் போட்டது நான். மிஷின் எண்ணெய். வீட்டுக்கு வந்தப்புறம் போட்டேன். டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்."

"நான் போன் பண்ணினேனே?"

"பக்கத்துலதான் இருந்தேன். பார்த்தேன். எடுக்கல."

தங்கை திட்டுவாள், இல்லை அறைவாள் என்று காஜா அக்கா காத்திருந்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கை பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். "திரும்பு பாப்பா. இன்னும் ஆறு தடவை பாக்கி."

ஆறும் முடிந்தது. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பாப்பாவிடம் சொன்னாள். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வருவேன். உன் கழுத்து நேராகுற வரைக்கும் தினம் மூணு வேளையும் வருவேன். நான் வர்ற நேரத்துல உங்கம்மா வீட்டுல இருக்கக் கூடாது."

கதவு சாத்திய பிறகு காஜா அக்கா மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீ ஏன்டி பொய் சொன்ன?"

"நீ டாக்டர்கிட்ட சொன்னதைத்தான் சொன்னேன்."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?"

"எல்லாம் கேட்டேன். சித்தியா நீயான்னு வந்தா நான் என்னம்மா பண்ணுவேன்? நீ அம்மா இல்லையா?"

மூன்று வருஷமாக எதற்காக வெந்துகொண்டிருந்தாளோ அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அன்றைக்கே அவளுக்குக் கிடைத்துவிட்டிருந்தது. தங்கை தன்னையே சந்தேகப்பட்டுக் கண் டெஸ்ட் செய்துகொண்டு திரிந்ததும், பாப்பா வாயைக் கட்டிக்கொண்டு கிடந்ததும் அதற்கான விலைதான். காஜா அக்கா வாய்விட்டு அழுதாள். மகள் அவளைத் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

மறுநாள் ஏழே முக்காலுக்கு அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பொறாமை தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. வீட்டு மாடிப்படியில் பாதி இறங்கும்போது தங்கை மேலே ஏறி வந்தாள். காஜா அக்கா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.