மேடைக்குப் பின்னால் போனவர்

டெல்லியில் தேசியப் பண்பாட்டுக் கொள்கையை எழுதிய குழுவில் இருந்தவர் அந்த அம்மா. எங்களைப் போன்ற விழா அமைப்பாளர்களுக்குக் கலை நிர்வாகம் சொல்லிக்கொடுக்கத் தேனிக்கு வந்திருந்தார். நரைத்த கிராப்பு. சொந்த ஊர் தேனிப் பக்கத்து மார்க்கையன்கோட்டை என்பதால் பேச்சு மட்டும் மாறவில்லை. எந்த மேடையானாலும் முதலில் அதன் பின்பக்கம் போய்விடுவார்.

ஓடைப்பட்டித் திருவிழாவுக்கு நான் போட்ட மேடையையும் அப்படித்தான் பார்த்தார்.

"கரகாட்டப் புள்ளைக எங்கன உடுப்பு மாத்துவாக?"

"லாரி மறைவுலதான் மேடம்."

"அப்ப பாதி மேடைதான் கட்டியிருக்கீக."

எனக்குச் சுருக்கென்றது. "இதெல்லாம் உங்க கொள்கையில இருக்கா?"

"கதவு வச்ச அறை வேணும்னு ஒரு வரி இருக்கு. அதுக்குக் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டேன். வரிய நான் எழுதிட்டேன். கதவ நீங்க போடுங்க."

இப்போதெல்லாம் முதல் கால் ஊன்றுமுன் பந்தல்காரரே கேட்கிறார்: "கதவு எந்தப் பக்கம்ணே?"